பிள்ளைகள் அறைக்கு அஞ்சு புள்ளி

எனக்குப் பேரம் பேச வரும். பெருமைக்குச் சொல்லல, தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்லுவாங்க. சட்டை வாங்கப் போனா, வேணுங்கிற சட்டையை நான் தொடவே மாட்டேன். பக்கத்துல கிடக்கிற கண்றாவி ஒண்ணைக் கையில எடுத்து அரை மணி நேரம் நொட்டை சொல்லுவேன். கடைக்காரன் சலிச்சுப்போய்க் கொட்டாவி விடும்போது, "சரி, அது என்ன விலை?"ன்னு மனசுல வச்சிருந்ததைப் போகிற போக்குல கேப்பேன். வேணும்னு முகத்துல தெரிஞ்சுட்டா ஆள் காலி. எனக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான். அந்த வித்தையைப் பாத்துதான் சலவை ஆலையில நூத்தி நாப்பது பேரும் சேர்ந்து, முதலாளி பக்கத்தோட பேச என்னை அனுப்பினாங்க. அதே வித்தையாலதான் நான் என் சொந்தப் பேத்தி வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடப் பாத்தேன். ஆனா இது என்னைப் பத்தின கதை இல்ல. நடுவறை அக்காவைப் பத்திச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

தொழிலாளர் அலுவலகத்துல ரெண்டாவது மாடியில வரிசையா மூணு அறை. இடது பக்கம் வேலை செய்றவங்க உக்கார, வலது பக்கம் முதலாளி ஆளுங்க உக்கார. நடுவுல ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, அதுமேல கம்ப்யூட்டர். அங்க உக்காந்திருப்பாங்க அவங்க. கதவுல பேர்ப் பலகை இருந்துச்சு, ஆனா அதை யாரும் படிச்ச மாதிரி தெரியல. வந்துபோற எல்லாருக்கும் அவங்க நடுவறை அக்காதான். எனக்கு முதல்ல மேடம். அக்கா ஆனது பின்னாடி.

ஒல்லியான ஆள். நரைச்ச முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருப்பாங்க. காலையில வந்ததும் செருப்பைக் கழட்டி மேஜைக்கு அடியில தள்ளிட்டு, துணியில தைச்ச செருப்பு ஒண்ணை மாட்டிக்குவாங்க. கால் வலின்னு நெனச்சேன். அதில்லையாம். ரெண்டு அறையிலயும் உக்காந்திருக்கிறவங்க சத்தத்தைத்தான் எண்ணிக்கிட்டு இருப்பாங்களாம். அந்தப் பக்கம் இவ எத்தனை தடவை போனா, எவ்வளவு நேரம் நின்னா, வேகமா வந்தாளா மெதுவா வந்தாளான்னு. அதனால நடக்கிற சத்தமே கேக்கக் கூடாதுன்னு அவங்களா பண்ணிக்கிட்ட ஏற்பாடு அது. ஒரு அறையில தண்ணி குடிச்சா இன்னொரு அறையிலயும் குடிப்பாங்க. பிளாஸ்கில எப்பவும் வெந்நீர். அங்க சிரிச்சிருந்தாதான் இங்கயும் சிரிப்பு, அதனால ரெண்டு இடத்துலயும் சிரிக்கவே மாட்டாங்க. கல்லுளிமங்கின்னு நான் அன்னிக்குத் திட்டினேன், மனசுக்குள்ள.

இதுக்கு முன்னாடி அவங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவங்க. கையால கம்பியைச் சொருகி ஒரு ஊரை இன்னொரு ஊரோட இணைச்ச காலம். அது போனதும் இங்க டைப்பிஸ்டா அனுப்பினாங்க. டைப் மெஷின் போனதும் கம்ப்யூட்டர் வந்துச்சு. எந்த மெஷின் வந்தாலும் அவங்க ரெண்டு பேருக்கு நடுவுலதான்.

இப்ப எங்க ஆலைக்கு வர்றேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பெல்லாம் எங்ககிட்டதான் வெளுக்க வரும். நான் பெரிய வாஷிங் மெஷின் பக்கம். துவைச்சது உருளை இஸ்திரிக்குப் போகும், அங்கிருந்து மடிக்கிற மேஜைக்கு. மடிக்கிற மேஜையில என் மக. அவ புருஷன் கப்பல்ல வேலை, வருஷத்துல ஒரு மாசம் வீட்டுல இருந்தா அதிகம். என் பொஞ்சாதி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். ஆக, மூணு வயசுப் பேத்தியைப் பாத்துக்க வீட்டுல யாரும் கிடையாது. ஆலைக்குள்ளயே ஒரு பிள்ளைகள் அறை இருந்ததால பொழைச்சோம். பதினோரு பிள்ளைங்க, ஒரு ஆயா, ஒரு ஜன்னல். தினம் காலையில நான்தான் அவளை அங்க விடுவேன். விட்டுட்டுத் திரும்பும்போது என் கையைப் பிடிச்சு, ஆயாகிட்ட பேனா வாங்கி, மணிக்கட்டுல ஒரு கைக்கடிகாரம் வரைஞ்சுவிடுவா. "தாத்தா, மணி பாத்து வந்துடணும்"ம்பா. முள்ளு ஒண்ணு கீழ போகும், ஒண்ணு கைக்கு வெளிய போகும். சோப்புத் தண்ணியில வேலை செஞ்சாலும் மத்தியானம் வரைக்கும் அழியாது.

அந்த அறையைத்தான் காலி பண்ணப் போறோம்னாங்க. புதுசா உலர்த்துற மெஷின் வருதாம், நீராவிக் குழாய் அந்தப் பக்கமாத்தான் போகுதாம். மூணு மாசம் பேசினோம். பேசினோம்னா என்ன, அவங்க கத்தினாங்க, நாங்க கத்தினோம். கடைசியில தொழிலாளர் அலுவலகத்துல கூப்பிட்டுப் புது முறையில முயற்சி பண்ணுங்கன்னாங்க.

கிளம்புற அன்னிக்கு மடிப்பு மேஜைப் பொம்பளைங்க எல்லாரும் என்னைச் சுத்தி நின்னாங்க. "மத்தது எது போனாலும் போகட்டும், அறை போகக் கூடாது"ன்னாங்க. என் மக மட்டும் விரிப்பை மடிச்சுக்கிட்டே இருந்தா. "அப்பா, அறை போச்சுன்னா நான் வேலையை விட்டாகணும்"னு முந்தின ராத்திரி சாப்பிடும்போதே சொல்லி முடிச்சுட்டா.

இடது அறையில நானும் கூட வந்த லாரி டிரைவரும் உக்காந்தோம். நடுவறை அக்கா வந்து விளக்கினாங்க. பேச்சுல இருக்கிற விஷயம் அஞ்சு. காலை ஷிப்ட் ஆறுக்குப் பதிலா ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறது. இஸ்திரி உருளைக்கு மேல அனல் காத்தை வெளிய இழுக்கிற விசிறி. ஞாயித்துக்கிழமை லீவு முறை வச்சு வர்றது. சைக்கிள் கொட்டகையை எடுக்காம விடுறது. பிள்ளைகள் அறை. ஒவ்வொரு பக்கமும் நூறு புள்ளியை இந்த அஞ்சுக்கும் பிரிச்சுப் போடணும். எது ரொம்ப வேணுமோ அதுக்கு நிறைய. யார் எவ்வளவு போட்டாங்கன்னு மத்தவங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ரெண்டையும் சேர்த்துப் பாத்து, எது யாருக்கு அதிகமா வேணுமோ அதை அவங்க பக்கம் ஒதுக்கி ஒரு ஏற்பாடு சொல்லும். பிடிச்சா ரெண்டு பேரும் கையெழுத்து. பிடிக்கலைன்னா பேச்சு கலைஞ்சு போச்சு, அவங்கவங்க வழி அவங்கவங்களுக்கு.

"மனசுல இருக்கிறதை இருக்கிற மாதிரியே போடுங்க. இது உங்க எதிராளி இல்ல"ன்னாங்க.

நான் யாரு? எத்தனை கடைக்காரனைப் பாத்தவன். தெரியாதாம், ரகசியமாம். யார் காதுல பூ சுத்துறாங்க? அறைதான் வேணும்னு போட்டா, அது எப்படியாவது அந்தப் பக்கம் கசியும். கசிஞ்சா கழுத்துல துண்டைப் போட்டு முறுக்குவாங்க. அதனால ஷிப்ட் நேரத்துக்கு நாப்பது போட்டேன். ஆறு மணியானாலும் ஏழு மணியானாலும் எங்கள்ல பாதிப் பேருக்கு ஒண்ணுதான். அனல் விசிறிக்கு முப்பது. ஞாயிறு முறைக்கு இருபது. கொட்டகைக்கு அஞ்சு, அறைக்கு அஞ்சு. அடுத்த ரவுண்டுல, பெரிய மனசு பண்ணி ஷிப்டை விட்டுக்குடுக்கிற மாதிரி நடிச்சு, அறையை வாங்கிடலாம்னு திட்டம்.

டிரைவர் காதோரம் வந்து, "அண்ணே, அறைக்கு அஞ்சா?"ன்னான்.

"வாயை மூடிக்கிட்டு இரு. இது முதல் ரவுண்டு"ன்னேன்.

அக்கா தாளைப் பாத்துப் படிச்சாங்க. படிச்சுக் காட்டணும்னு விதியாம். "ஷிப்ட் நேரம், நாப்பது. அனல் விசிறி, முப்பது. ஞாயிறு முறை, இருபது. சைக்கிள் கொட்டகை, அஞ்சு. பிள்ளைகள் அறை, அஞ்சு. உறுதிதானா?"

"உறுதிதான்."

அவங்க என் முகத்தைப் பாக்கல. மேஜை மேல இருந்த என் கையைப் பாத்தாங்க. அழுக்கு ஏதோ இருக்கு போலன்னு கையை மடிமேல இழுத்துக்கிட்டேன்.

"உறுதிதானா?"

"என்ன மேடம், ரெண்டு தரம் கேக்குறீங்க? எங்களுக்குக் கூட்டத் தெரியாதுன்னா?"

"எல்லாரையும் ரெண்டு தரம் கேப்பேன்"னு சொல்லிட்டுத் தாளை எடுத்துக்கிட்டுப் போனாங்க. செருப்புச் சத்தம் கேக்கல.

கால் மணி நேரத்துல பதில் வந்துடுச்சு. அடுத்த ரவுண்டு ஒண்ணு வரும்னு நான் நெனச்சதே தப்பு. ஷிப்ட் நேரம் உங்களுக்கு, அனல் விசிறி உங்களுக்கு, ஞாயிறு முறை உங்களுக்கு. கொட்டகையும் பிள்ளைகள் அறையும் நிர்வாகத்துக்கு. கீழ ஒரு வரி: தொழிலாளர் பக்கம் நூத்துக்குத் தொண்ணூறு புள்ளி பெற்றது. இதே தாள் இதே நிமிஷத்துல வலது அறைக்கும் போயிருக்கு. நாலு மணிக்குள்ள கையெழுத்து. மேனேஜர் இப்பவே தயாராம்.

கேட்டதெல்லாம் குடுத்திருக்கு. சண்டை போட ஒரு ஓட்டை கூட இல்ல. டிரைவர் என்னைப் பாக்காம ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தான், அது இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

நடுவறைக்குப் போய்க் கத்தினேன். மெஷின் ஃப்ராடுன்னேன். முதலாளி ஆளு உள்ள புகுந்து திருத்திட்டான்னேன். நீங்களும் அவங்க பக்கம்தான்னேன். இதைச் சொல்ல இன்னிக்கும் கூசுது. அவங்க பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து, வெந்நீரை ஊத்தி, ஒரு வாய் குடிச்சாங்க.

"நீங்க சொன்னதை அது நம்புச்சு. அதுக்கா திட்டுறீங்க?"ன்னாங்க.

அப்புறம் குரல் தானா இறங்கிடுச்சு. "மேடம், அறைதான் வேணும். மத்தது எல்லாம் சும்மா. அந்தப் பக்கத்துல அறைக்கு எவ்வளவு போட்டிருக்காங்க? வாயால சொல்ல வேணாம். நிறையன்னா தலையை ஆட்டுங்க, போதும்."

"அந்தப் பக்கத்துப் பேச்சு அந்தப் பக்கத்துக்கு."

"பதினோரு பிள்ளைங்க மேடம்."

"தெரியும்."

தெரியும்னு சொன்னவங்க குரல்ல ஒரு மாத்தமும் இல்ல. ஆனா மூடியைத் திருப்பிப் போடும்போது அது சரியா உக்காரல, ரெண்டு தடவை எடுத்துத் திருகினாங்க. பிறகு சுவத்துல ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைக் காட்டினாங்க. காலையில ரெண்டு பக்கத்துக்கும் படிச்சுக் காட்டின தாள்தான், நான்தான் காதுல வாங்கல. ஏழாவது விதி: ஒரு பக்கம் புள்ளிகளை மாற்ற விரும்பினால், மறுபக்கம் சம்மதித்தால், ஒரே ஒரு முறை மாற்றலாம்.

"அவங்ககிட்ட நான் போய்க் கேக்கலாம். நீங்களே போயும் கேக்கலாம். எதுக்கு மாத்துறோம்னு காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

மணி மூணே கால். நடைபாதையில நின்னேன். மேனேஜர்கிட்ட போய்க் கேக்கிறதுன்னா, இவ்வளவு நாள் மறைச்சு வச்சதை நானே எடுத்து அவன் கையில குடுக்கிற மாதிரி. காரணம் சொல்லாம கேட்டா ஏன் சம்மதிக்கணும்? கையில சாதகமா தாள் இருக்கு அவனுக்கு. மணி பாக்கலாம்னு கையைத் திருப்பினேன். நான் வாட்ச் கட்டுறதே இல்ல. பேனாக் கடிகாரம் பாதி அழிஞ்சு நின்னுச்சு, ஒத்தை முள்ளோட.

வலது அறைக் கதவைத் தட்டினேன். மேனேஜர் சின்ன வயசுப் பையன், முப்பது முப்பத்திரண்டு இருக்கும். ஆலையில அவனை நான் வாடா போடான்னு பேசாத குறை. அவன் எதிர்ல நின்னு சொன்னேன்: "தம்பி, நான் பொய்ப் புள்ளி போட்டுட்டேன். எங்களுக்கு அறைதான் முதல். மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம். என் பேத்தி அங்கதான் இருக்கா. அறை போனா என் மக வேலையை விடணும், அவளை மாதிரி இன்னும் பத்துப் பேரு. திருத்திக்க விடுங்க."

இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் இது வேணும்னு நேரா கேட்டது எனக்கு ஞாபகம் இல்ல. நடுவறை அக்கா வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துக்கிட்டு இருந்தான். அப்புறம் காது ரெண்டும் சிவந்துபோய், "சரி. அப்ப நாங்களும் ஒருதரம் மாத்திக்கிறோம்"னான்.

அவன் முதல்ல என்ன போட்டிருந்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சிவந்த காதை வச்சு, அவனும் பொய்ப் புள்ளிதான் போட்டிருப்பான்னு நானா நெனச்சுக்கிட்டதோட சரி.

ரெண்டாவது தடவை அறைக்கு அறுபது போட்டேன். விசிறிக்கு இருபது, ஞாயிறுக்குப் பதினாலு, ஷிப்டுக்கு நாலு, கொட்டகைக்கு ரெண்டு. அக்கா படிச்சாங்க. உறுதிதானான்னாங்க. உறுதிதான்னேன். மறுபடியும் உறுதிதானான்னாங்க. "ஆமாம் அக்கா"ன்னேன். அன்னிக்குத்தான் அக்கா ஆனாங்க.

அறை எங்களுக்கு, ஞாயிறு முறை எங்களுக்கு. ஷிப்ட் ஆறு மணியே. அனல் விசிறி அடுத்த பேச்சு வரைக்கும் கிடையாது. உலர்த்துற மெஷின் சைக்கிள் கொட்டகைக்குள்ள வரும், குழாயை அவங்க நீட்டிக்குவாங்க. தொழிலாளர் பக்கம் எழுபத்து நாலு. தொண்ணூறு வந்தப்ப நடுவறையில போய்க் கத்தினேன், எழுபத்து நாலுக்கு டிரைவர் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். இஸ்திரி உருளைக்காரங்க மட்டும் அந்த வெயில் காலம் பூரா என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. வாங்கிக் கட்டிக்கிட்டேன். மழை நாள்ல நனைஞ்ச சைக்கிளைத் துடைக்கிறவங்களும் திட்டினாங்க, அதையும்தான்.

சாயங்காலம் அறைக்குப் போனப்ப பேத்தி என் கையைத் திருப்பிப் பாத்துட்டு, "தாத்தா லேட்டு"ன்னா. மககிட்ட அறை இருக்குன்னு சொன்னேன். அவ அங்கேயே பெஞ்சில உக்காந்துட்டா. முதல்ல அஞ்சு போட்ட கதையையும் சொன்னேன். டிரைவர் வாய் சும்மா இருக்காது, அவன் வழியா போறதுக்கு நானே சொல்லிடலாம்னுதான். பேத்தி பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. "அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்பவும் இப்படித்தான்பா. கூட இருக்கணும்னு ஆசைன்னு அம்மாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லல நீங்க"ன்னா.

மூணு வருஷம் கழிச்சு அக்காவுக்கு ஓய்வு. கேள்விப்பட்டுப் போனேன். சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பிறகு நடுவறையில ஒரு அட்டைப் பெட்டியில சாமானை அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. பிளாஸ்க், துணிச் செருப்பு, நாலஞ்சு பென்சில். நான் ரொம்ப நாளா கேக்கணும்னு வச்சிருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நான் பொய் போடுறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அறைக்கு அஞ்சு போட்ட கையில யாரோ குழந்தை கடிகாரம் வரைஞ்சிருந்துச்சே."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நான் உங்க பக்கம் ஆயிடுவேன். கேக்க மட்டும்தான் முடியும். கேட்டேன்."

"ரெண்டு தரம் கேக்கணும்னு விதியா?"

"படிச்சுக் காட்டணும்னு மட்டும்தான் விதி. கேக்கிறது என் பழக்கம்."

எங்க இருந்து வந்த பழக்கம்னு கேட்டேன். பதில் வராதுன்னு நெனச்சேன். பென்சிலை எல்லாம் ஒரே பக்கமா திருப்பி அடுக்கிக்கிட்டே சொன்னாங்க. எக்ஸ்சேஞ்சுல அவங்க வேலை பாத்த காலத்துல, கூடப் படிச்ச ஒருத்தர் வீட்டுலேர்ந்து அவங்களைப் பெண் கேட்டிருக்காங்க. அக்காவுக்கும் அவரைப் பிடிச்சிருந்தது. அப்பாகிட்ட வாய் திறந்து சொல்லல, எப்படியும் நடக்கும்னு ஒரு நம்பிக்கை. ஒருநாள் அப்பா வெளியூர்ல இருந்த அந்த வீட்டுக்கு டிரங்க் கால் போட்டார். அந்த நேரத்துல இணைப்புப் பலகை முன்னாடி அக்காதான். கம்பியைச் சொருகி, இணைப்பு நிக்குதான்னு பாக்கக் காதுல வச்சிருக்கணும்.

"அப்பா என்ன பேசினார்னு சொல்லலாம், ஏன்னா அவரே வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னார். 'எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, பொண்ணுக்கும் பெரிசா விருப்பம் இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன், இனி சீர் பேச்சுல இறங்கி வருவாங்க பாரு'ன்னார். அதுக்கு அப்புறம் அவங்க வரவே இல்ல."

"அந்தப் பக்கம் என்ன சொன்னாங்க?"

"அது அந்தப் பக்கத்துப் பேச்சு தம்பி."

அந்த வீட்டுல யார் யார் இப்ப உயிரோட இருக்காங்களோ. ஆனாலும் அவங்க சொல்லல. நான் அவங்க அப்பாவை நெனச்சேன். எனக்கு அந்த ஆளை நல்லாத் தெரியும், தினம் கண்ணாடியில பாக்குறேன்.

"லைன்ல அவரை நீங்க உறுதிதானான்னு கேட்டிருக்கலாமேக்கா."

"அந்தக் காலத்துல அப்படி வழக்கம் இல்ல. நம்பரைக் கேப்போம், இணைப்போம். மூணு நிமிஷம் ஆச்சுன்னா சொல்லுவோம்." பெட்டியை மூடினாங்க. "பேத்தி எப்படி இருக்கா?"

"பள்ளிக்கூடம் போறா. இப்ப கடிகாரம் எல்லாம் வரையறது இல்ல."

விளக்கை அணைச்சாங்க. துணிச் செருப்பு பெட்டிக்குள்ள போயிடுச்சு, அதனால படியில அவங்க நடக்கிற சத்தம் முதல் தடவையா எனக்குக் கேட்டுச்சு. வாசல்ல வந்து நின்னாங்க. பெட்டி கனம்தான், ஒரு பக்கமா சாஞ்சு நின்னாங்க.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் வரட்டுமா அக்கா?"

"வேணாம் தம்பி. நான் போய்க்குவேன்."

"உறுதிதானா?"

அவங்க தெருவைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் இன்னொரு தரம் கேட்டேன்.

"வாங்க"ன்னு சொல்லிப் பெட்டியை என்கிட்ட குடுத்தாங்க.